ஆப்தவாக்யமும் அதன் எல்லையும்: விவிலியத்தின் ப்ராமாண்யம் பற்றிய கிறிஸ்தவ வாதம் - ஒரு பரிசீலனை

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

சென்ற ஆண்டு ஆடிச் சாரலில் குற்றாலத்துக்கு நீராடச் சென்று தென்காசி திரும்பிய அடியேனுடைய தௌஹித்ரன், அருவிக்குச் செல்லும் வழியில் ஒருவர் கொடுத்த சிறு புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். விவிலியம் நம்பத்தக்க நூலே என்பதற்குரிய காரணங்கள் அதில் வரிசையாகச் சொல்லப்பட்டிருந்தன. “தாத்தா, இதற்கு நம்மிடம் என்ன ஸமாதானம்?” என்று கேட்டான். நம்மவர் வழக்கமாகச் சொல்லும் விடையையே அடியேனும் சொன்னேன். இயேசுவின் வம்சாவளியை மத்தேயு ஒருவிதமாகவும் லூக்கா வேறுவிதமாகவும் எழுதியிருக்கிறார்களே, முன்னுக்குப் பின் முரணான நூல் ப்ரமாணமாவது எங்ஙனம் என்றேன். “நம் புராணங்களில் வம்சாவளிகள் எல்லாம் ஒத்திருக்கின்றனவா?” என்றான் அவன். மேலே பேச அடியேனுக்கு வாயில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுத முயல்கிறேன்.

எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் அத்வைத மதத்தை மறுக்கப் புகுமுன், அம்மதத்தார் தாமே இவ்வளவு திறம்படச் சொல்லியிருப்பரோ என்று வியக்கும்படி மஹாபூர்வபக்ஷத்தை அமைத்தருளினார். பிறர் மதத்தை அதன் முழுவலிமையோடு எடுத்துரைத்த பின்பே மறுப்பது நம் ஸம்ப்ரதாய மர்யாதை. கிறிஸ்தவர் விஷயத்தில் மட்டும் நாம் இம்மர்யாதையைப் பெரும்பாலும் கைவிட்டிருக்கிறோம். பரிஹாஸம் செய்வதையே மறுப்பாக எண்ணி அமைந்துவிட்டோம்.

வாதத்தின் வரலாறு

இவ்வாதம் நம் நாட்டுக்குப் புதிதன்று. கும்பினி உத்யோகஸ்தராயிருந்த ஜான் மியூர் என்பவர் 1839-இல் ‘மதபரீக்ஷா’ என்ற நூலை ஸம்ஸ்க்ருத ச்லோகங்களில், குரு சிஷ்ய ஸம்வாதமாக இயற்றினார். மெய்யான சாஸ்த்ரத்துக்கு அவர் கூறிய லக்ஷணங்கள் மூன்று: அதை வெளியிட்டவர் அற்புதம் செய்ய வல்லவராயிருத்தல், அந்நூல் தூய்மையுடையதாயிருத்தல், எல்லா ஜனங்களுக்கும் பொதுவாயிருத்தல். இதற்கு ஸோமநாதர் என்ற பெயரில் ஒருவரும், ஹரசந்த்ர தர்க்கபஞ்சாநநரும், காசியில் வாழ்ந்த நீலகண்ட கோரேயும் ஸம்ஸ்க்ருதத்திலேயே மறுப்பு எழுதினர். இவர்களுள் ‘சாஸ்த்ரதத்த்வவிநிர்ணயம்’ எழுதிய கோரே 1848-இல் தாமே கிறிஸ்தவரானார். மறுப்பு எழுதியவரையே அம்மறுப்பு நிறுத்தி வைக்கவில்லை என்பது நாம் சிந்திக்கத் தக்கது.

நம் திருநெல்வேலிச் சீமையில் 1820 முதல் 1838-இல் மறையும் வரை பணியாற்றிய ரேனியுஸ், புதிய ஏற்பாட்டைத் தமிழில் திருத்தமாக மொழிபெயர்ப்பதில் பெரும் உழைப்பைச் செலவிட்டார். 1715-இல் தரங்கம்பாடியில் ஸீகன்பால்கின் புதிய ஏற்பாடு அச்சானது தொடங்கி, மூலத்தின் பாடம் எது, அதற்கு நேரான தமிழ் எது என்ற ஆராய்ச்சி அவர்களிடம் இடைவிடாது நடந்து வந்திருக்கிறது. மியூர் காலத்தில் அற்புதங்களுக்கும் தூய்மைக்கும் இருந்த முதலிடம், சென்ற நூற்றாண்டில் ஏட்டுப் பிரதிகளுக்கும் ஸாக்ஷிகளுக்கும் சென்றது. என் தௌஹித்ரன் கொணர்ந்த புத்தகமும் இப்பிந்திய முறையையே பின்பற்றியது.

பூர்வபக்ஷம்

அவர்கள் வாதத்தை மூன்று படிகளாக வகுக்கலாம். விவிலியம் இன்று நம் கையில் உள்ளபடியே ஆதியில் எழுதப்பட்டது என்பது முதற்படி. எழுதியவர்கள் தாம் கண்டதையும், கண்டவர்பால் கேட்டதையும் பொய்யின்றி எழுதினர் என்பது இரண்டாம் படி. ஆகவே இயேசு மரித்து உயிர்த்தெழுந்தது உண்மை; உயிர்த்தெழுந்தவர் தம்மைப் பற்றியும் வேதத்தைப் பற்றியும் கூறியதும் உண்மை என்பது மூன்றாம் படி.

‘விவிலியத்துக்கு விவிலியமே ப்ரமாணம் என்பது அந்யோந்யாச்ரயமன்றோ’ என்று நம்மவர் அவஸரப்பட்டுக் கேட்பர். அக்கேள்வி இவ்வாதத்தைத் தொடாது. முதலிரு படிகளில் விவிலியத்தை அவர்கள் வேதமாகக் கொள்வதில்லை. ராஜாக்களின் சாஸனம்போல் ஒரு பழைய ஆவணமாக மட்டுமே கொண்டு பரீக்ஷிக்கின்றனர். மூன்றாம் படியில்தான் அது வேதமாகிறது. எனவே ஒவ்வொரு படியையும் தனித்தனியே ஆராய வேண்டும்.

ஆராய்வதற்குரிய அளவுகோல் நம்மிடமே உண்டு. புருஷனால் சொல்லப்பட்ட வாக்யத்தில் வரக்கூடிய தோஷங்கள் நான்கு என்பர்: ப்ரமம் (மயக்கம்), ப்ரமாதம் (கவனக்குறைவு), விப்ரலிப்ஸை (பிறரை ஏமாற்றும் எண்ணம்), கரணாபாடவம் (இந்த்ரியங்களுக்குத் திறம் போதாமை). இந்நான்கும் இல்லாதவன் சொல்லே ஆப்தவாக்யம்.

முதற்படி: பாடசுத்தி

புதிய ஏற்பாட்டுக்குக் கிரேக்க மொழியில் 5,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பிற்காலத்தவை; எனினும் முழுப் புதிய ஏற்பாட்டையும் கொண்ட ஸினாய்ப் பிரதி நான்காம் நூற்றாண்டினது. 1935-இல் வெளியிடப்பட்டு இன்று மான்செஸ்டர் நகரில் உள்ள யோவான் நூலின் சிறு துணுக்கு இரண்டாம் நூற்றாண்டினது என்று பெரும்பாலோர் கொள்கின்றனர். பழைய ஏற்பாட்டுக்கு 1947 முதல் சாக்கடற் குகைகளில் கிடைத்த சுருள்கள், அதுவரை அறியப்பட்டிருந்த எபிரேயப் பிரதிகளைவிட ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் முற்பட்டவை. அவற்றுள் ஏசாயாச் சுருள், சிறு வேறுபாடுகள் பல இருப்பினும், பிற்காலப் பாடத்தோடு பெரும்பாலும் ஒத்திருக்கிறது.

பிழைகளும் உண்டு. மாற்கு நூலின் இறுதிப் பன்னிரண்டு வசனங்களும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணைப் பற்றி யோவான் நூலில் வரும் கதையும் மிகப் பழைய பிரதிகளில் இல்லை. யோவானின் முதல் நிருபத்தில் விண்ணுலக ஸாக்ஷிகள் மூவரைக் கூறும் வாக்யம் பழைய கிரேக்கப் பிரதிகளில் காணப்படாதது. எராஸ்மஸ் 1516-இலும் 1519-இலும் அதை விட்டுவிட்டு 1522-இல் சேர்த்துப் பதிப்பித்தார். நம் ஊர்க் கோயில்களில் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது இன்றும் உண்டு. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் இல்லை.

இதைச் சொல்லி நாம் மகிழ்வதில் பொருளில்லை. இப்பிழைகளைத் தேடிக் கண்டுபிடித்து அச்சிட்டவர்கள் கிறிஸ்தவ வித்வான்களே. தம் வேதத்தின் ஏடுகளை இவ்வளவு கூர்ந்து ஒப்பிட்டவர்களை மதிக்க வேண்டும். வேதாக்ஷரத்தை நம் முன்னோர் பதம், க்ரமம், ஜடை, கநம் என்னும் பாடமுறைகளால் காத்தது உண்மை. இதிஹாஸ புராணங்களுக்கு அத்தகைய காப்பு இல்லை. ஸ்ரீராமாயணத்தில் வடதேசப் பாடமும் தென்தேசப் பாடமும் வேறுபடுவதை, 1960 முதல் 1975 வரை பரோடாவில் வெளிவந்த ஆய்வுப்பதிப்பைப் புரட்டியவர் அறிவர். ஆகவே முதற்படியைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வதே நேர்மை. ஆனால் பாடசுத்தி, எழுதுவோரின் ப்ரமாதம் என்ற ஒரு தோஷத்தையே நீக்கும். ஒரு வாக்யம் பிழையின்றி நம்மை வந்தடைந்தது என்பதும், அது மெய் என்பதும் வெவ்வேறு.

இரண்டாம் படி: ஸாக்ஷி

பவுலின் நிருபங்கள் இயேசு மறைந்து ஓரிரு தலைமுறைக்குள் எழுந்தவை. சிஷ்யர்கள் தம் ஸாக்ஷ்யத்துக்காகத் துன்பங்களை ஏற்றனர். பொய்யென்று தாமே அறிந்த ஒன்றுக்காக எவரும் அவ்வாறு துன்புறார் என்பர். இது நல்ல யுக்தியே. இதனால் விப்ரலிப்ஸை நீங்குகிறது. அவர்களை வஞ்சகர் என்று கூறுவது நமக்குத் தகாது. ஆயினும் ப்ரமம் நீங்கியதாகாது. மெய்யாகவே நம்பியவன் மெய்யாகவே மயங்கியிருத்தலும் உலகில் உண்டு.

வாதத்துக்காக அதையும் விட்டுவிடுவோம். மரித்தவர் எழுந்ததைச் சிஷ்யர்கள் கண்டனர் என்றே கொள்வோம். நான்காம் தோஷமாகிய கரணாபாடவம் இங்கேதான் குறுக்கிடுகிறது. கண்ணுக்கு எட்டியது, எழுந்து நின்ற ஒரு திருமேனி. ‘இவரே ஜகத்காரணனின் ஒரே குமாரர், இவரன்றி மோக்ஷமில்லை’ என்பது எந்தக் கண்ணுக்கும் எட்டாத அதீந்த்ரிய விஷயம். ஸாக்ஷி எவ்வளவு நல்லவனாயினும், அவன் இந்த்ரியம் சென்ற தூரம்வரையே அவன் ஸாக்ஷி.

மூன்றாம் படி: அற்புதமும் தத்த்வமும்

இதை விளக்கத் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. குற்றாலநாதர் ஸந்நிதி முன்பு விஷ்ணு ஸந்நிதியாயிருந்தது என்றும், சைவச் சின்னங்களோடு வந்து தடுக்கப்பட்ட அகஸ்தியர் வைஷ்ணவக் கோலத்தோடு உட்புகுந்து, திருமேனியின் முடியில் கைவைத்துக் குறுகச் செய்து லிங்கமாக்கினார் என்றும் திரிகூடராசப்பக் கவிராயரின் தலபுராணம் கூறும். தென்காசியில் பிறந்த ஒவ்வொரு வைஷ்ணவனுக்கும் இக்கதை குழந்தைப் பருவம் முதல் சொல்லிக் காட்டப்படுகிறது. அடியேனும் கேட்டு வளர்ந்தவனே.

இக்கதைக்கு நம் பெரியோர் சொல்லும் விடை யாது? நடந்ததா இல்லையா என்று அவர்கள் வழக்காடுவதில்லை. ‘நடந்ததென்றே வைத்துக்கொள்வோம். அதனால் விளங்குவது முனிவரின் தபோபலம். பரதத்த்வம் எது என்பது வேதாந்த வாக்யங்களால் நிர்ணயிக்கப்படுவது; ஒரு திருமேனி உருமாறியதால் நிர்ணயிக்கப்படுவதன்று’ என்பர். இவ்விடை சரியானதாயின், அதே விடை உயிர்த்தெழுதலுக்கும் பொருந்தும். அகஸ்தியருக்கு ஒரு நியாயம், அப்போஸ்தலருக்கு ஒரு நியாயம் என்று நாம் கூறவில்லை என்பதே இவ்விடையின் சிறப்பு.

கிறிஸ்தவர் இதற்கும் மறுமொழி வைத்திருக்கின்றனர். ‘பொய்யனை ஈச்வரன் எழுப்பான், எழுப்பியதால் அவர் சொல் மெய்’ என்பர். இது அநுமானம். ஈச்வரன் ஒருவன் உளன், அவன் ஸத்யஸங்கல்பன், அற்புதம் அவனுடைய முத்திரை என்பன முன்பே தெரிந்திருந்தாலன்றி இவ்வநுமானம் எழாது. அவை எதனால் தெரிந்தன? விவிலியத்தால் என்றால், முன்பு விலக்கிய அந்யோந்யாச்ரயம் இங்கே மீண்டும் வந்து சேரும். யுக்தியால் என்றால், வெறும் அநுமானத்தால் ஈச்வரனை ஸாதிக்க இயலாது என்று சாஸ்த்ரயோநித்வாதிகரணத்தில் எம்பெருமானார் நிர்ணயித்தருளினார். நையாயிகரான உதயநர் அநுமானத்தால் ஈச்வரனை ஸாதித்து, வேதத்தையும் அவ்வீச்வரனாகிய ஆப்தன் சொல்லாகக் கொண்டார். அவர் வழி நிற்பவருக்குக் கிறிஸ்தவ வாதம் அருகில் உள்ளதே. எனவே இது கீழ்நாட்டுக்கும் மேல்நாட்டுக்கும் இடையேயுள்ள வழக்கன்று. ப்ரமாண விசாரத்தில் நெடுங்காலமாக உள்ள வழக்கு.

இவ்விடத்தில் ஆளவந்தாரின் ஆகமப்ராமாண்யம் நமக்குக் கைவிளக்கு. பாஞ்சராத்ரம் ஒருவரால் சொல்லப்பட்டது, ஆதலால் ப்ரமாணமன்று என்றனர் மீமாம்ஸகர். சொன்னவன் ஸர்வஜ்ஞனான பகவான், அவன்பால் தோஷமில்லை, ஆதலால் ப்ரமாணமே என்று ஸாதித்தருளினார் ஆளவந்தார். இதன் அமைப்பு கிறிஸ்தவ வாதத்தைப் பெரிதும் ஒத்திருக்கிறது. வேறுபடும் இடம் ஒன்றே: பகவான் ஸர்வஜ்ஞன் என்பதற்கு ஆளவந்தார் பாஞ்சராத்ரத்தையே ஸாக்ஷியாக்கவில்லை. ஒருவராலும் ஆக்கப்படாத வேதத்தைக் காட்டினார். சொன்னவனைத் தெரிவிக்க, சொல்லப்பட்ட நூலுக்கு வெளியே ஒரு ப்ரமாணம் வேண்டும். கிறிஸ்தவ வாதம் அந்த இடத்தில் சரித்திரத்தை நிறுத்துகிறது. சரித்திரம் ஸம்பாவனையைத் தரும். அதீந்த்ரியத்தில் நிச்சயத்தைத் தராது.

நம் பக்கம்

இந்த அளவுகோலை நம் மேலும் வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். மறைந்திருந்த திவ்யப்ரபந்தத்தை நாதமுனிகள், இதே தாமிரபரணிக் கரையில், கண்ணிநுண்சிறுத்தாம்பைப் பன்னீராயிரம் உரு ஸேவித்து நம்மாழ்வாரிடமிருந்து பெற்றார் என்பது நம் உயிர்நிலையான விச்வாஸம். ஆயினும் அதைப் பிறமதத்தாரிடம் ஹேதுவாக எடுத்துரைத்தால், ஒரே ஸாக்ஷியன்றோ என்று அவர் கேட்பர், கேட்பது நியாயமே. நம் பூர்வாசார்யர்கள் திருவாய்மொழியின் ஏற்றத்தை அவ்வரலாற்றின்மேல் மட்டும் நிறுவவில்லை. அதன் அர்த்தம் உபநிஷத்துக்களோடு ஒன்றுபடுவதைப் பாட்டுத்தோறும் காட்டி வ்யாக்யானம் அருளினர். உபந்யாஸ மேடைகளில் இன்று அற்புதங்களைக் கொண்டே தத்த்வத்தை நிலைநாட்டப் புகுவோர், பிறரிடம் நாம் மறுக்கும் வாதத்தைத் தாமே கைக்கொள்கின்றனர். அடியேன் தௌஹித்ரன் என்னை மடக்கியதும் இந்த வாசலால்தான்.

கரையிருப்பில் 1827-இல் வைஷ்ணவ குலத்தில் தோன்றிக் கம்பனில் தோய்ந்தவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை. 1858-இல் அவர் ஞானஸ்நானம் பெற்றார். 1894-இல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகத்தில் உயிராக நிற்பது ஏட்டுப் பிரதிகளின் எண்ணிக்கை அன்று. தோளில் சுமந்த பாவபாரம் சிலுவையடியில் கழன்று வீழும் இடமே அது. பாரத்தை ஒருவன் திருவடியில் வைத்து நிர்ப்பரனாயிருத்தல் என்பது யாருடைய ஸித்தாந்தம்? பரஸமர்ப்பணம் என்று பெயரிட்டு நம் ஆசார்யர்கள் ரஹஸ்யக்ரந்தங்களில் விரித்த அர்த்தத்தைத் தேடிய ஒரு நெஞ்சு, அதை வேறிடத்தில் பெற்றது. சுவிசேஷங்களில் முரண் காட்டும் நம் வழக்கமான விடை அத்தகையவருக்கு எந்த விதத்தில் உதவியிருக்கும்?

வாதத்தின் எல்லையைக் காட்டுவது எளிது, மேலே காட்டியாயிற்று. என் தௌஹித்ரனுக்கு இப்போது இவ்விடையோடு ரஹஸ்யத்ரயத்தையும் சொல்லிவைக்கத் தொடங்கியிருக்கிறேன். முன்னையது அவன் கேட்டதற்கு விடை. பின்னையது அவன் கேட்காமல் விட்டதற்கு.

குற்றமிருப்பின் பெரியோர் பொறுத்தருள்வாராக.