புள்ளி எவ்வளவு பெரிது?

திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் நின்றால் சுலோசன முதலியார் பாலத்தின் மறுமுனை 760 அடி, ஏறக்குறைய 232 மீட்டர். குறிபார்க்க ரைஃபிளில் பொருத்தும் ரெட் டாட் சைட்டின் புள்ளி அளவைப் புரிந்துகொள்ள அந்தத் தூரம் போதும். துப்பாக்கி வேண்டாம், கணக்கு மட்டும்!

புள்ளியை எம்.ஓ.ஏ. என்ற அலகில் அளக்கிறார்கள், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 100 மீட்டரில் அது 2.9 சென்டிமீட்டர். 2 எம்.ஓ.ஏ. புள்ளி பாலத்தின் அக்கரையில் 13.5 சென்டிமீட்டரை மறைக்கும், 6 எம்.ஓ.ஏ. என்றால் 40. பெரிய புள்ளி சட்டென்று கண்ணில் படும், தூரத்து இலக்கையும் சேர்த்து விழுங்கிவிடும். கைத்துப்பாக்கிக்கு அது சரி. ரைஃபிளுக்கு 2 தான் லட்சணம்.

சைட்டுக்குள்ளே ஒரு சிறு எல்.இ.டி. அதன் ஒளியைப் பூச்சிட்ட கண்ணாடி கண்ணுக்கே திருப்பிவிடுகிறது. வெளியே லேசர் எதுவும் பாய்வதில்லை. 1975-இல் ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்டிக்மாடிசம் உள்ள கண்ணுக்குப் புள்ளி வால்நட்சத்திரம்போல இழுபடும். வாங்குமுன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கடலூரில் பிறந்த துப்பாக்கிச் சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவனுக்கு இந்தச் சொகுசு கிடையாது. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் மின்புள்ளிக்கு அனுமதியில்லை. வெறும் வளையம் வழியே, அரை மில்லிமீட்டர் மையத்தைக் குறிவைத்துத்தான் 2019 ரியோ உலகக்கோப்பையில் அவர் தங்கம் வென்றார்.