ஊர்ப்பேச்சும் சிரிப்பும்

பெங்களூர் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் ஒரு கிலோ வெங்காயத்துக்கு நடக்கும் பேரத்திலேயே தமிழ், தக்னி உருது, கன்னடம் மூன்றும் வந்துவிடும். 1809-இல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தார்கள். பட்டாளத்தை நம்பிப் பிழைக்க வந்த தமிழர்களின் பேச்சு, அக்கம்பக்கத்து மொழிகளோடு புழங்கிப் புழங்கித் தனிச்சாயல் கொண்டது. ‘மச்சா’வும் ‘குரு’வும் ஒரே மூச்சில் வரும், ‘நக்கோ’ என்று மறுத்தால் தமிழ்ப் பையனுக்கும் புரியும். கேலிக்கு இதைவிட வளமான பேச்சு பெங்களூரில் இல்லை என்பது என் எண்ணம். ஆனால் அது தமிழில் எழுத்தாக வந்து நான் படித்தது மிகச் சொற்பம். மற்றவர்கள் தங்கள் ஊர்ப்பேச்சில் எப்படிச் சிரிக்க வைத்தார்கள் என்று பார்த்தால் நமக்கும் ஒரு வழி கிடைக்கும்.

பக்கத்து வீட்டிலிருந்தே தொடங்கலாம். தக்னியைக் கொச்சை என்று வடக்கத்தி உருதுக்காரர்கள் நெடுங்காலம் ஒதுக்கினார்கள். அந்தக் கொச்சையையே முஷாயிரா என்னும் கவியரங்க மேடையில் ஏற்றியவர்களில் முக்கியமானவர் குல்பர்காவின் சுலைமான் கதீப் (1922–1978). பீதர் பக்கத்துச் சிட்குப்பாவில் பிறந்தவர். பிழைப்புக்குக் குடிநீர்த் துறையில் வேலை. ‘கேவ்டே கா பன்’ அவருடைய தொகுப்பு. மாமியார் மருமகள் சண்டை, பெண் பார்க்கும் படலம், வரதட்சணை என்று வீட்டு முற்றத்து விஷயங்களே அவருடைய பாடுபொருள். ‘சோரா சோரி’ கவிதையில் பையனின் தாய் அடுக்கும் சீர்வரிசையைக் கேட்டுச் சபை குலுங்கிச் சிரிக்கும். பெண்ணின் தாய் பதில் சொல்லத் தொடங்கியதும் அதே சபை அடங்கிப்போகும். இரண்டு தாய்மாரும் பேசுவது ஒரே தக்னிதான். சிரிக்கத் தெரிந்த அந்தப் பேச்சுக்கு அழவும் தெரியும் என்று கதீப் நிறுவிய இடம் அது. கேட்பவர்களும் அதே பேச்சைப் பேசுகிறவர்கள் என்பதால் யாரையும் கேலிசெய்து அவர் கைதட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை.

கன்னடத்தில் டி. பி. கைலாசம் (1884–1946). தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. லண்டனில் நிலவியல் படித்தவர். கம்பெனி நாடகங்களில் புராணமும் சங்கீதமும் கோலோச்சிய காலத்தில், நடுத்தர வீடுகளில் ஆங்கிலம் கலந்து பேசிய கன்னடத்தை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தார். 1918-இன் ‘டொள்ளு கட்டி’யில் பரீட்சையில் முந்தும் பிள்ளையும் படிப்பு ஏறாத பிள்ளையும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஆபத்து வரும்போது ஓடிவந்து கைகொடுப்பவன் படிப்பு ஏறாதவன். அமெச்சூர் நாடக மன்றங்கள்தாம் இவருக்குக் களம். பின்னால் வந்த பீச்சியும் (1913–1980) காவல்துறையில் வேலை பார்த்துக்கொண்டே ‘திம்மன்’ என்ற நகைச்சுவைப் பாத்திரத்தை உருவாக்கினார்.

தமிழில் கி. ராஜநாராயணன் (1923–2021) இடைசெவல் விவசாயி, அதிகம் படிக்காதவர், முப்பது வயதைத் தாண்டித்தான் எழுத வந்தார். 1976-இல் வெளியான ‘கோபல்ல கிராம’த்தில் ஊர்க்கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர், ஒவ்வொரு பட்டப்பெயருக்கும் ஒரு கதை. படிக்கிறவருக்குச் சிரிப்பு வரும். அந்த ஆட்கள்மேல் மதிப்பு குறையாது. கரிசல் சொற்களைத் திரட்டி 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் கொண்டுவந்தார். எழுத்தும் சேகரிப்பும் அவருக்கு ஒரே வேலையாக இருந்தன.

சினிமா இந்த விஷயத்தில் நேர்மையாக இருந்ததில்லை. கவுண்டமணியின் கொங்குப் பேச்சும் வடிவேலுவின் மதுரைப் பேச்சும் நாடெங்கும் பரவியது உண்மை. ஆனால் கதாநாயகன் பொதுத்தமிழ் பேச, அடிவாங்குபவனுக்கே வட்டாரத்தமிழ் என்ற பழக்கம் பல படங்களில் நிலைத்துப்போனது.

இலங்கைக்காரர்கள் இதைச் சரியாகச் செய்தார்கள். 1970-களில் வானொலியில் வந்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடரை எழுதிய எஸ். ராம்தாஸ், முஸ்லிம் தமிழ் பேசும் மரிக்காராகத் தாமே நடித்தார். யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டி, சிங்களச் சாயல் தமிழோடு உபாலி, பிராமணத் தமிழோடு ஐயர் என்று நாலு தமிழும் சரிக்குச் சரியாக வாயடித்தன. 1976-இல் ‘கோமாளிகள்’ படமும் வந்தது. கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ இன்னும் எளிமையானது. யாழ்ப்பாணத்து பஸ் கண்டக்டராக ஒரே ஆள் மேடையில் நிற்பார்; பஸ் நிறையச் சனத்தை அவருடைய குரலே காட்டிவிடும். புலம்பெயர்ந்த நாடுகளிலும் அந்தத் தனிநடிப்பை மக்கள் விரும்பிக் கேட்டார்கள்.

சிவாஜிநகரிலும் மூன்று பேச்சு சரிக்குச் சரியாக நிற்கிறது. எழுத வேண்டியது அங்கே கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், பூக்கட்டுபவர் யாராவது ஒருவர்தான். வெளியிலிருந்து வருபவருக்கு அந்தக் காது வாய்க்காது. முதலில் அந்தச் சொற்களைத் திரட்ட வேண்டும், கி.ரா. செய்ததைப்போல. அல்சூரில் 1950 முதல் இயங்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் ஆண்டில் ஒரு மாலையையாவது இந்தப் பேச்சுக்கு ஒதுக்கட்டும். செப்டம்பரில் சிவாஜிநகர் மாதா கோவில் திருவிழாவுக்குத் திரளும் சனத்தில் ஒரு பகுதி வந்தாலும் அரங்கில் இடம் போதாது.