கைகோத்த பிறகு...

போன ஞாயிற்றுக்கிழமை மீஞ்சூரில் நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. டி.வி.யில் 'பம்பாய்'. 1995-ல் வந்த படம். எத்தனை முறை போட்டாலும் உட்கார வைத்துவிடுகிறது. இந்துப் பையன், முஸ்லிம் பெண், இரட்டைக் குழந்தைகள். கடைசியில் ஜனங்கள் கைகோத்து நிற்கும்போது எனக்கு வழக்கம்போலக் கண் கலங்கியது. நண்பர் மட்டும் கேட்டார்: "எல்லாம் சரி சார். மறுநாள் இவங்களுக்கு யாரு வாடகைக்கு வீடு தருவாங்க?"

நண்பர் முஸ்லிம். அத்திப்பட்டு பக்கம் கான்ட்ராக்ட் வேலை. மீஞ்சூரில் வீடு தேடியபோது அட்வான்ஸ் வரை பேசிவிட்டு, பெயரைச் சொன்னதும் "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிட்டோமே தம்பி" என்று சிரித்தபடியே அனுப்பினார்களாம். நாலு வீட்டில்!

அந்தக் கேள்வியோடு படத்தை மறுபடி யோசித்துப் பாருங்கள். மணிரத்னம் கையில் தராசு. இந்தப் பக்கம் ஒரு தலைவர், அந்தப் பக்கம் ஒரு தலைவர். கலவரம் ஏதோ விஷக் காய்ச்சல் மாதிரி எல்லோரையும் பிடிக்கிறது. கதாநாயகன் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு கத்தியதும் இறங்கிவிடுகிறது.

நிஜத்தில்? 1992 டிசம்பர், 93 ஜனவரிக் கலவரங்களில் இறந்தவர்கள் 900 பேர். 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள் என்றது நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷன். இரண்டு பக்கமும் கத்தி எடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஜனவரி 8 முதல் முஸ்லிம்கள் மீதான தாக்குதலை முன்னின்று நடத்தியது சிவசேனா என்று 1998-ல் எழுதியே வைத்தது கமிஷன். (அன்றைய சிவசேனா - பி.ஜே.பி. அரசு அறிக்கையை நிராகரித்துவிட்டது!) படம் அதற்கு முன்பே வந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பம்பாய்க்காரர்களுக்கு இதைத் தெரிந்துகொள்ள கமிஷனா வேண்டும்?

மணிரத்னத்தைக் கோழை என்று சொல்ல மாட்டேன். 1995 ஜூலையில் அவர் வீட்டில் குண்டு வீசிக் காயப்படுத்தினார்கள். இரண்டு பக்கத்துக்கும் வேண்டாத ஒரு திருநங்கை, தொலைந்த குழந்தையைக் காப்பாற்றும் காட்சிக்காகவே அவருக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் படம் கைச்சங்கிலியோடு முடிந்துவிடுகிறது. நிஜ பம்பாயில் அதற்குப் பிறகுதான் முஸ்லிம் குடும்பங்கள் சட்டி பானையை லாரியில் ஏற்றிக்கொண்டு, நகரத்துக்கு வெளியே மும்ப்ராவுக்குப் போயின. அந்த லாரியை யாரும் படமெடுக்கவில்லை.

நண்பருக்கு ஐந்தாவதாக ஒரு வீடு கிடைத்தது. அங்கே வீட்டுக்கார அம்மா கேட்டது ஒன்றுதானாம்: "தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். பரவாயில்லையா?"