தொடக்கக் காட்சியில் காதின் பங்கு

ஒரு படத்தின் முதல் காட்சி கதைக்களத்தையும் காலத்தையும் பார்வையாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். வசனத்தை ஒதுக்கிவிட்டால் அதற்கு இருப்பவை மூன்று: இடம், கேமரா, ஒலி. விமர்சனங்களில் கேமராவுக்கே பெரும் பங்கு கிடைக்கிறது. இடம் எப்படி உருவாகிறது என்பதைப் பெரும்பாலும் ஒலியே தீர்மானிக்கிறது என்பதற்கு மூன்று படங்கள் சான்று.

ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954) முழுவதும் ஒரு குடியிருப்பின் முற்றத்தைச் சுற்றியே நடக்கிறது. அந்த முற்றம் பாரமவுண்ட் ஸ்டூடியோவுக்குள் போடப்பட்ட செட். கேமரா அதை ஒரு சுற்று சுற்றிவிட்டு நாயகனின் அறைக்குள் வருகிறது. வியர்த்த முகம், வெப்பமானி, மாவுக்கட்டுப் போட்ட கால், நொறுங்கிய கேமரா, பந்தயக் கார் விபத்தின் புகைப்படம் என்று வரிசையாகக் காட்டியே அவன் தொழிலையும் காலொடிந்த கதையையும் சொல்லி முடிக்கிறது. இதற்கிடையே ஒரு வீட்டில் ரேடியோ விளம்பரம், இன்னொரு வீட்டில் அலாரம். எதிர்வீடுகள் எவ்வளவு நெருக்கத்தில் இருக்கின்றன என்பது அந்த ஒலிகளால்தான் உறைக்கிறது.

ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' (1958) இந்த ஆய்வுக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு: ஒரே காட்சி இரண்டு வேறு ஒலிகளோடு இருக்கிறது. அண்மைக் காட்சியில் இரண்டு கைகள் ஒரு வெடிகுண்டின் கடிகாரத்தை முடுக்குகின்றன. குண்டு ஒரு காரின் டிக்கியில் வைக்கப்படுகிறது. விஷயம் அறியாத இருவர் காரில் ஏறிக் கிளம்புகிறார்கள். கிரேனில் ஏறிய கேமரா கட்டடங்களுக்கு மேலாக மிதந்து, தெருவில் இறங்கி, எல்லைச் சாவடி வரை பின்வாங்கிக்கொண்டே போகிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு வெட்டும் இல்லை. ஒளிப்பதிவு ரஸ்ஸல் மெட்டி. மெக்சிகோ எல்லை நகரமாகக் காட்டப்படுவது கலிஃபோர்னியாவின் வெனிஸ் பகுதி. நடந்து வரும் புதுமணத் தம்பதியைக் கார் முந்துகிறது, பின்தங்குகிறது, மீண்டும் அவர்கள் அருகே வந்து நிற்கிறது. கார் கண்ணில் படாத நேரங்களில் அது எங்கே என்ற கேள்விதான் காட்சியின் முழுப் பதற்றமும்.

1958இல் வெளியான வடிவத்தில் யுனிவர்சல் நிறுவனம் இந்த ஷாட்டின் மேல் பெயர்ப்பட்டியலை ஓட்டி, ஹென்றி மான்சினியின் இசையையும் சேர்த்தது. நல்ல இசைதான், அதன் தாளத்தில் குண்டின் துடிப்பைக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் தெரு முழுவதையும் அது ஒரே சீராக மூடிவிடுகிறது. தெருவில் ஒவ்வொரு கேளிக்கை விடுதியின் வாசலிலும் ஒலிபெருக்கி இருக்கும், அவற்றைக் கடக்கும்போது இசை மாறி மாறிக் கேட்க வேண்டும் என்பதுதான் வெல்ஸின் திட்டம். ஸ்டூடியோவுக்கு அவர் எழுதிய 58 பக்கக் குறிப்பில் இது இருக்கிறது. அந்தக் குறிப்பை வைத்து வால்டர் மர்ச் 1998இல் படத்தை மறுதொகுப்புச் செய்தார். பெயர்ப்பட்டியல் நீங்கியது, மான்சினியின் இசை விலகியது. விடுதிப் பாட்டுகளும் ஆட்டு மந்தையின் சத்தமும் கார் ரேடியோவும் முன்னுக்கு வந்தன. ரேடியோ ஒலி கூடினால் குண்டு நெருங்குகிறது, குறைந்தால் விலகுகிறது. படச்சட்டத்துக்கு வெளியே போன காரையும் காது பின்தொடர்கிறது. கேமரா அசைவில் ஓர் அங்குலமும் மாறவில்லை. பழைய வடிவத்தில் சாகசமாகத் தெரிந்த அந்த அசைவு இப்போது கதையின் தேவையாகத் தெரிகிறது.

செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) இன்னும் ஒரு படி போகிறது. வெறிச்சோடிய ரயில் நிலையத்தில் மூன்று கூலிக் கொலைகாரர்கள் ஒருவனுக்காகக் காத்திருக்கிறார்கள். படமாக்கியது ஸ்பெயினில், ஒளிப்பதிவு தோனினோ தெல்லி கோல்லி. அகன்ற திரையை ஒரு கணம் வெட்டவெளி நிரப்புகிறது, மறுகணம் ஒரே ஒரு முகம். எனியோ மோரிக்கோனி போன்ற இசையமைப்பாளர் கையில் இருந்தும் பின்னணி இசை கிடையாது. எண்ணெய் காணாத காற்றாலையின் கிரீச்சொலி, தொப்பியில் சொட்டும் நீர், முகத்தில் ஊரும் ஈ, விரல்களைச் சொடுக்கும் ஓசை ஆகியவையே பல நிமிடங்களுக்குத் தாளம். நிலையத் தந்திக் கருவியின் ஓயாத தட்டலைப் பொறுக்காமல் ஒருவன் கம்பியைப் பிடுங்கி எறிகிறான். அந்தத் தட்டல் நின்ற பிறகே நிலையத்தின் வெறுமை எவ்வளவு பெரிது என்று தெரிகிறது. ரயில் வந்து போகிறது. அதன் பிறகு கேட்கும் முதல் இசையும் பின்னணியிலிருந்து வருவதில்லை. தண்டவாளத்தின் மறுபக்கம் நிற்பவன் ஹார்மோனிகா வாசிக்கிறான். அவன் இறங்கிவிட்டதைக் கொலைகாரர்கள் அதைக் கேட்டே அறிகிறார்கள்.