நூலும் நீலக் கோட்டும்: கொருக்குப்பேட்டைச் சுவர்களில் அம்பேத்கர் உருவம்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக்கால உருவப்படங்களை முகச்சாயலின் பதிவாக மட்டும் காண்பது போதாது. வரையப்பட்டவரின் குடிப்பிறப்பு, பதவி, கல்வி, ஒழுக்கம் ஆகியவற்றை உடையும் கைப்பொருளும் நிற்கும் நிலையும் சேர்ந்தே உணர்த்தின. கொருக்குப்பேட்டை உள்ளிட்ட வடசென்னைக் குடியிருப்புகளின் சுவர்களிலும் சந்திப்புகளிலும் காணப்படும் அம்பேத்கர் உருவங்களைப் படிக்க இவ்வணுகுமுறை எதுவரை துணைசெய்யும் என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் வரைந்த 'தூதுவர்கள்' ஓவியத்தில் இருவர் நிற்கின்றனர். மென்மயிர்த் தோலாடை அணிந்த பிரபுவின் வயது 29 என்பது அவர் பற்றியுள்ள குறுவாளின் உறையிலும், அருகிலுள்ள இளம் ஆயரின் வயது 25 என்பது ஒரு நூலின் விளிம்பிலும் எழுதப்பட்டுள்ளன. வயதைக் குறிக்கும் இடம்கூடத் தகுதிக்கேற்பப் பிரிகிறது. எனினும் அந்நூல் ஆயரின் முழங்கைக்குத் தாங்காகவே கிடக்கிறது. முன்பே உள்ள மேன்மைக்கு அது சான்று, அவ்வளவே. ஜொவான்னி பத்திஸ்தா மொரோனி ஏறத்தாழ 1570இல் தீட்டிய தையற்காரர் ஓவியம் இவ்வொழுங்கைச் சற்றே நெகிழ்த்துகிறது. கையில் கத்தரிக்கோலுடன் ஒரு தொழிலாளி நம்மை நேர்நோக்குகிறார். ஆனால் அவருடைய மதிப்பு அவர்தம் தொழிலுக்குள்ளேயே நிற்கிறது.

அம்பேத்கர் உருவத்தின் இலக்கணம் நாமறிந்ததே: நீலக் கோட்டு, கழுத்துப்பட்டை, கண்ணாடி, சட்டைப்பையில் பேனா, இடக்கையில் நூல், முன்னோக்கி நீண்ட வலக்கைச் சுட்டுவிரல். 1967இல் நாடாளுமன்ற வளாகத்தில் திறக்கப்பட்ட, பி. வி. வாக் வடித்த சிலையும் இவ்வகையினதே. இங்கு நூல் தாங்கன்று. அது அரசமைப்புச் சட்டம். ஏந்துபவரே அதன் வரைவுக்குழுத் தலைவர். பிறப்பு வழங்கிய தகுதிக்கு நூல் சான்றுரைக்கவில்லை. பிறப்பால் தகுதியை அளக்கும் முறையையே அது மறுக்கிறது. ஹோல்பைனின் இலக்கணம் இவ்விடத்தில் தலைகீழாகிறது.

கோட்டினை மேலைநாட்டுப் போலி என ஒதுக்குவோர் உண்டு. அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. 1921இல் மதுரையில் காந்தி அரையாடைக்கு மாறினார். துறப்பதற்கு உடை இருந்தவரின் அறம் அது. எதனை உடுத்தலாம், எதனை உடுத்தலாகாது என்று சாதி விதித்த நாட்டில் முழுமையாக உடுத்தி நிற்பதும் அறமே. நீலமும் நிழற்படத்திலிருந்து வந்ததன்று. அவருடைய பெரும்பாலான படங்கள் கறுப்பு வெள்ளையே. 1942இல் அவர் நிறுவிய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் கொடி நிறமாகவே அது அறியப்படுகிறது. ஆகவே தெரு ஓவியரின் தூரிகையில் முகச்சாயல் தவறினும் உருவம் தவறுவதில்லை. கலைத்திறன் குறைவு என்று இவற்றைத் தள்ளும் திறனாய்வு, சாயலையே அளவுகோலாகக் கொண்டு எஞ்சியவற்றைக் காணாது விடுகிறது. நூலையும் விரலையும் விடுத்து முகத்தை மட்டும் பெரிதாக்கும் அண்மைக்காலச் சுவரோவியங்கள், வரைதிறன் மிக்கனவாயினும், பொருளில் மெலிந்தவை என்பது என் கருத்து.

ஐரோப்பிய உருவப்படத்திற்குப் பொன்முலாம் பூசிய மரச்சட்டம் உண்டு. தமிழகத்தில் அம்பேத்கர் சிலைகள் பலவற்றைச் சுற்றி இரும்புக் கம்பிக்கூண்டு உண்டு. சேதப்படுத்துவோரிடமிருந்து காக்க எழுப்பப்பட்ட அக்கூண்டும் உருவத்தின் ஒரு பகுதியாகவே வாசிக்கப்பட வேண்டும். சுட்டுவிரல் கம்பிகளுக்கு உள்ளிருந்தே வெளியே நீள்கிறது.