குணசேகரன் இல்லாத கிழமைகள்

சின்னத்திரை நாடகங்களைப் பற்றி எழுதுவது எங்கள் இலக்கிய வட்டாரத்தில் கொஞ்சம் கௌரவக் குறைவான காரியம். அவற்றைத் திட்டி எழுதலாம். பார்த்தோம் என்று எழுதக்கூடாது. நாங்கள் பார்த்தோம். 2022 பெப்ரவரியில் சன் ரீவியில் தொடங்கி 2024 யூனில் முடிந்த 'எதிர்நீச்சல்' நாடகத்தை, ஞாயிற்றுக்கிழமைகளில் நாலைந்து குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி, அந்தக் கிழமைக்குரிய பகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தோம். வேலை நேரங்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி என்பதால் நாளாந்தம் பார்க்க வழியில்லை. இதில் ஒரு நன்மையும் உண்டு. ஆறு நாட்களுக்கு இழுத்த கதையை இரண்டு மணித்தியாலத்தில் பார்க்கும்போது எது கதை, எது இழுவை என்பது துலாம்பரமாகத் தெரிந்துவிடும்.

2023 செப்ரெம்பர் 8ஆம் திகதி வெள்ளிக்கிழமை நடிகர் மாரிமுத்து சென்னையில் காலமானார். இந்த நாடகத்துக்கான குரற்பதிவில் இருந்தபோதுதான் மாரடைப்பு வந்திருக்கிறது. விடிந்து வேலைக்குப் போகும் வழியில் எங்களுக்குச் செய்தி கிடைத்தது. ஊரில் ஒரு சாவு என்றால் எப்படி ஒருவருக்கொருவர் அழைத்துச் சொல்வோமோ, அப்படியே அன்றும் நடந்தது. "குணசேகரன் செத்துப் போனாராம்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மாரிமுத்து என்ற பெயர் பலருக்கு அன்றுதான் தெரியவந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: மதுரையில் ஒரு பணக்கார வீடு. அண்ணன் ஆதி குணசேகரன் வைத்ததே சட்டம். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி என்று அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நான்கு பெண்களும் படித்தவர்கள். நால்வரும் குசினிக்குள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். தங்கை ஆதிரைக்கு விரும்பியவன் ஒருவன், கட்டாயப்படுத்திக் கட்டிவைக்கப்பட்டவன் வேறொருவன். கிழவி அப்பத்தாவின் பேரில் இருக்கும் நாற்பது சதவீதச் சொத்து குணசேகரனின் கண்ணில் விழுந்த தூசி. மிச்சம் எல்லாம் இந்த நாற்பதைச் சுற்றித்தான்.

இந்த நாடகத்தில் எங்களைப் பிடித்து இருத்தியது அந்தக் குசினி. பொதுவாகத் தமிழ்நாட்டு நாடகங்களில் குசினி என்பது சதி நடக்கும் இடம். பாலில் ஏதாவது கலப்பார்கள், கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்பார்கள். மாமியும் மருமகளும், ஓரகத்தியும் ஓரகத்தியும் ஒருவரை ஒருவர் அறுப்பதற்கே அந்த இடம். இங்கே நான்கு ஓரகத்திகளும் ஒருவருக்கொருவர் துணை. வெங்காயம் உரித்துக்கொண்டு, மாப் பிசைந்துகொண்டு, தங்கள் படிப்பைப் பற்றி, கட்டிய நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்தவற்றைப் பற்றி அவர்கள் பேசினார்கள். நந்தினி பேசும்போது முதலில் சிரிப்பு வரும், பிறகு தொண்டை அடைக்கும். வசனம் எழுதியவர் ஸ்ரீவித்யா என்ற பெண். அது கேட்ட மாத்திரத்திலேயே தெரியும். ஆண் எழுத்தாளன் எழுதினால் பெண்கள் தங்கள் துயரத்தை விளக்குவார்கள். இவர்கள் விளக்கவில்லை. பாதி வசனத்தில் நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்த்தார்கள். எங்களோடு இருந்து பார்த்த பெண்களில் ஒருவர் உணவு விடுதிக் குசினியிலும், இன்னொருவர் முதியோர் இல்லத்திலும் நாள் முழுக்க நிற்பவர்கள். அந்த நிறுத்தங்களில் அவர்களும் பேசாமல் இருந்தார்கள்.

பிறகு குணசேகரன் வருவார். "இந்தாம்மா... ஏய்!" எல்லோரும் சிரிப்போம்.

இதை மறைத்து இந்த விமர்சனத்தை எழுத முடியாது. மாரிமுத்துவின் நடிப்பு அப்படி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, மதுரைப் பேச்சில் எதிரே நிற்பவரை ஒரே வசனத்தில் பூச்சியாக்கிவிடுவார். சொல்வது படுகேவலமான விஷயமாக இருக்கும். சொல்லும் விதத்தில் ஒரு கிராமத்துப் பகிடி இருக்கும். பகிடிக்குச் சிரித்துக்கொண்டே விஷயத்தை விழுங்கிவிடுவோம். அந்த ஆண்டு ஒரு பிறந்தநாள் விழாவில், எங்களுக்கு மிகவும் தெரிந்த ஒருவர், சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த தன் மனைவியை "இந்தாம்மா ஏய்" என்று கூப்பிட்டார். மண்டபமே சிரித்தது. அவவும் சிரித்தா. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது அவ சிரிக்கவில்லை, கோப்பையை வைத்துவிட்டுப் போனா. நாங்கள் மூன்று தரமும் சிரித்தோம்.

மாரிமுத்துவால் வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) சாட்சி. அதிலும் அவர் ஒரு வீட்டின் தலைவர்தான், ஜோவின் தகப்பன். மகளின் நண்பனைக் கல்யாண வீட்டு அறை ஒன்றுக்குள் கூட்டிப்போய்ப் பேசுகிறார். சொந்தக்காரர்கள் உள்ளே புகுந்து அந்தப் பையனை அடித்து, அவன் மேல் மூத்திரம் பெய்யும்போது, அதைத் தடுக்க முடியாத ஒரு கோழையாக நிற்கிறார். சாதியும் அந்தஸ்தும் உள்ள ஒரு மனிதன் எவ்வளவு சின்னவன் என்பதை அவர் குரலை உயர்த்தாமலே காட்டியிருந்தார். அங்கே எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. தொலைக்காட்சி அவரிடம் இந்தச் சின்னத்தனத்தைக் கேட்கவில்லை, குரலை மட்டுமே கேட்டது. (அதே 2023இல், ஒரு விவாத நிகழ்ச்சியில் சோதிடர்களோடு அவர் நேருக்கு நேர் மோதியதும் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆள் குணசேகரன் இல்லை.)

அவர் இறந்த பிறகு, ஏற்கனவே எடுத்து வைத்திருந்த காட்சிகள் கொஞ்ச நாள் வந்தன. பின்னர் குணசேகரன் வீட்டை விட்டுப் போய்விட்டதாகக் கதையை மாற்றினார்கள். ஒரு நடிகரின் திடீர் மரணத்துக்குப் பிறகு, அடுத்த நாளே காட்சி வைத்தாக வேண்டிய தொழிலில், அவர்களைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. என்றாலும் யோசித்துப் பார்த்தோம். ஒன்றரை வருடமாக இந்த நாடகம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி என்ன? இந்த மனிதன் வழியில் நிற்காவிட்டால் இந்தப் பெண்கள் என்ன செய்வார்கள் என்பதுதான். இப்போது அவன் இல்லை. பெண்கள் நால்வரும் இருக்கிறார்கள், வீடு இருக்கிறது, நாற்பது சதவீதம் இருக்கிறது. அந்தக் கிழமைகளில் நாங்கள் கண்டது, வீடு முழுவதும் அவரையே தேடிக்கொண்டிருந்ததைத்தான். எங்கே போனார், எப்போது வருவார், வந்தால் என்ன செய்வார். குசினிப் பேச்சும் அதற்குள் போய் விழுந்துவிட்டது. அப்போதுதான் ஒன்று விளங்கியது. அவ்வளவு காலமும் அந்தப் பெண்கள் பேசியதில் பெரும்பங்கு அவருக்குச் சொல்லும் பதில்தான். கேள்வி கேட்பவர் போனவுடன் பேச்சு வற்றிவிட்டது.

எங்கள் நிலை அதைவிட மோசம். படம் ஓடிக்கொண்டிருக்க ஒருவர் தேத்தண்ணி போடப் போனார், ஒருவர் நித்திரையானார். எங்களில் வயதில் மூத்த அம்மா ஒருவர், குணசேகரனின் தலை தெரிந்தாலே "நாசமாய்ப் போவான்" என்று திட்டுகிறவர், "அவன் இல்லாமல் வீடு வெறிச்சோடிப் போச்சுது, பிள்ளை" என்றார். தன் கணவரைப் பற்றியும் அவர் இந்த இரண்டையும் சொல்லி நாங்கள் கேட்டிருக்கிறோம். அவர் உயிரோடு இருந்தபோது ஒன்று, போன பிறகு மற்றது.

இயக்குநர் திருச்செல்வத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003 முதல் 2009 வரை வந்த அவரது 'கோலங்கள்' நாடகத்தில் அபிக்குத் தொல்லை கொடுத்தவனின் பெயரும் ஆதிதான். அதில் அபிக்குத் தோள் கொடுத்த நல்ல நண்பன் தொல்காப்பியனாக நடித்தவர் திருச்செல்வம். 'எதிர்நீச்சல்' நாடகத்தில் பெண்களுக்கு வழிகாட்ட வரும் ஜீவானந்தமாக நடித்தவரும் அவரே. ஒரு கெட்ட ஆண், அவனிடமிருந்து மீட்க ஒரு நல்ல ஆண், அந்த நல்ல ஆணாக இயக்குநர். இருபது வருடத்தில் இந்தக் கணக்கு மாறவில்லை. ஜீவானந்தம் வந்தபோதெல்லாம் எங்கள் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் இல்லாத ஆணைத் திரையில் பார்க்கிறார்கள் என்று எங்களில் ஒருவர் பகிடியாகச் சொன்னார். அதற்குச் சிரித்தவர்கள் குறைவு.

கொஞ்ச நாள் கழித்துக் குணசேகரன் திரும்பி வந்தார். 'குற்றப் பரம்பரை' எழுதிய வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். மீசையும் பார்வையும் பயங்கரம். இந்தக் குணசேகரன் பகிடி விடவில்லை, மிரட்டினார். கையை ஓங்கினால் அடி விழும் என்று தெரிந்தது. பத்திரிகைகளிலும் பேச்சிலும் "பழைய ஆள் மாதிரி இல்லை" என்பதே பொதுக் கருத்து. எங்களுக்கோ, எழுதப்பட்ட பாத்திரத்துக்கு இவர்தான் நெருக்கம் என்று பட்டது. மனைவியை அறைக்குள் பூட்டக்கூடிய, தங்கையை விற்கக்கூடிய ஒருவன் இப்படித்தான் இருப்பான். முன்னவரிடம் நாங்கள் காணத் தவறியதெல்லாம் இவரிடம் பச்சையாகத் தெரிந்தது.

"இவன் நல்லாத்தான் வெருட்டுறான். ஆனால் சிரிப்பு வரேல்லை" என்றார் அந்த அம்மா.

2024 யூனில் முதலாம் பாகம் முடிந்து, டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று இரண்டாம் பாகம் ஆரம்பித்தபோது எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு குடும்பங்கள்தான் மிச்சம். மற்றவர்கள் வேறு நாடகத்துக்குப் போய்விட்டார்கள். அதில் வில்லன் நல்ல பகிடிக்காரனாம்.