கல்வியும் அறிவும்: ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ நாடகம் பற்றி ஓர் ஆய்வு

துப்பறியும் கதை இலக்கியமாகுமா என்னும் வினா பழையது. புதிர் அவிழ்ந்ததும் பயன் முடிந்துவிடும் கதையை மீண்டும் நாடுவார் யார் என்பர் மறுப்போர். ஆயின், முடிவு தெரிந்த பின்னரும் மறுபடி காணத் தூண்டும் நாடகமொன்று உண்டெனின், அதன் சிறப்புப் புதிருக்கு அப்பால் இருத்தல் வேண்டும். 1987 முதல் 2000 வரை பிரித்தானியத் தொலைக்காட்சியில் 33 பகுதிகளாக வெளிவந்த ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ அத்தகையதே.

இதற்கு மூலம் கொலின் டெக்ஸ்ரரின் நாவல்கள். 1975 முதல் 1999 வரை அவர் எழுதியவை 13. கேம்பிரிட்ஜிற் பயின்று, கிரேக்கமும் இலத்தீனும் கற்பித்த அவர், செவிப்புலன் குன்றியமையால் ஆசிரியப் பணியைத் துறந்து, 1966இல் ஒக்ஸ்போட் பரீட்சைச் சபையில் அமர்ந்தார். கல்லூரிகளை உள்ளிருந்தன்றி அருகிருந்து நோக்கும் அப்பார்வையே அவர்தம் தலைமகனுக்கும் வாய்த்தது.

ஜோன் தோ நடித்த மோர்ஸ், ஒக்ஸ்போட்டிற் பயின்று, காதல் முறிவினாற் படிப்புக் குலைந்து, பட்டம் பெறாது வெளியேறியவர். பின்னர் பொலிஸ் அதிகாரியாக அதே கல்லூரி வாயில்களைக் கடந்து செல்கின்றார். பேராசிரியர்களுக்கு நிகராக இசையும் இலக்கியமும் அறிந்தவர். பிறர் செய்யும் இலக்கணப் பிழையைப் பொறாதவர். எனினும் அவர் தமது முதல் அனுமானத்திற் பெரும்பாலும் தவறுகின்றார். ஒவ்வொரு பகுதியும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்டதாக அமைந்தமை, அத்தவறு விளைந்து திருந்துவதற்கு வேண்டிய அவகாசத்தை அளித்தது.

திருத்துபவர் யார்? உதவியாளர் லூயிஸ். நாவலில் வேல்ஸ் நாட்டவரான இவரை, நாடகத்தார் வட இங்கிலாந்தைச் சேர்ந்த இளைஞராக மாற்றினர். இம்மாற்றத்தால் இருவரிடையே ஆசிரிய மாணாக்க உறவு தோன்றியது. கெவின் வேற்லி நடித்த லூயிஸ் இயல்பாகச் சொல்லும் ஒரு சொல்லே பலவிடத்தும் மோர்ஸின் கண்ணைத் திறக்கின்றது. வள்ளுவர் கல்வி, கேள்வி, அறிவுடைமை என்பனவற்றை வெவ்வேறு அதிகாரங்களாக வகுத்தமை இங்கு நினைவுக்கு வருகின்றது. மோர்ஸிடம் கல்வி உண்டு. கேள்வியை அவர் லூயிஸிடமிருந்தே பயில்கின்றார். அறிவு இருவருங் கூடியவிடத்துப் பிறக்கின்றது.

குறைகளும் உள. ஒரு சிறு நகரில் இத்துணைக் கொலைகள் நிகழுமோ என்பது பலருங் கூறும் குறை. நாடக மரபென அதனைப் பொறுக்கலாம். வழக்கிற் சிக்கிய பெண்பால் மோர்ஸ் மீண்டும் மீண்டும் மனம் இழத்தல் சலிப்பூட்டுகின்றது. அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. அறிஞர்தம் செருக்கும் பொறாமையும் பதவிப் போட்டியும் விரிவாகக் காட்டப்படும் இந்நாடகத்திற் கற்பித்தல் என்னுந் தொழில் அருகியே காணப்படுகின்றது. ஆசிரியனாகிய யான் இதனைப் பொறுத்தற்கில்லை.

இளமைக்கால மோர்ஸைக் காட்டிய ‘எண்டெவர்’ நாடகம் 2012 முதல் 2023 வரை வெளிவந்தது. அங்கே மூத்த அதிகாரி தேர்ஸ்டேயிடம் பயிலும் மோர்ஸைக் காணும்போது, பிற்காலத்தில் லூயிஸை அவர் நடத்திய முறை புதுப்பொருள் பெறுகின்றது.

விரிவுரை மண்டபத்துள் ஒரு நாளேனும் அமராது, பாடசாலைப் பணி முடிந்த இரவுகளிற் பயின்று வெளிவாரிப் பட்டம் பெற்றவன் யான். அம்மண்டபத்துள் இருந்தோரெல்லாம் எம்மினும் மேலானோர் என நெடுங்காலம் எண்ணியிருந்தேன். மோர்ஸும் அவ்வாறே எண்ணி உள்ளூர நைந்தார் போலும். ஆயின் நாடகமோ, பட்டம் பெற்றோர் பலர் பொய்யுரைக்க, பெறாதார் இருவர் மெய்யைத் தேடிக் காண்பதையே காட்டுகின்றது. பட்டம் பயனற்றது என்பது இதன் கருத்தன்று. தன் பிழையைத் தானே கண்டு திருந்தும் ஆற்றலைப் பட்டம் தராது என்பதே. மாணாக்கர் இந்நாடகத்தைப் புதிருக்காகக் காணத் தொடங்கினும், இவ்வொன்றை உணர்ந்து எழுவராயின் காலம் வீணாயிற்றென யான் கூறேன்.